ராத்திரிக்குக் காத்திருந்த சைக்கிள் சங்கம்

நரியங்குளம் சைக்கிள் சங்கத்தில் மொத்தமே மூன்று பேர். மூவரும் நிர்வாகிகள். தலைவர் சவரிராயன், செயலாளர் குழந்தைவேலு, பொருளாளர் ரெஜினா. நார்வே நாட்டின் வடகோடியில் சைக்கிள் மிதிக்க அவர்கள் கிளம்புவதற்கு முன்பே, மிதித்து முடித்துவிட்டதாக பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்தாகிவிட்டது.

ரெஜினாவுக்குத்தான் கவலை. இப்போதுதான் பால்குடி மறந்த பிள்ளையை மாமியார் இடுப்பில் ஏற்றிவிட்டு வந்திருந்தாள். "மிதிச்சேன்னு சும்மா வந்து சொல்லாதே, போட்டோ வேணும்" என்று மட்டும் சொல்லியிருந்தாள் மாமியார். போட்டோ இல்லாமல் திரும்பினால் அந்த வீட்டில் ஆயுசுக்கும் வாய் திறக்க முடியாது.

டிக்கெட் போட்டுக் கொடுத்த மார்ட்டின் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினான். "ரொம்ப நேரம் பறக்கிறீங்க. இறங்கின உடனே சைக்கிள்ல ஏறாதீங்க. ஒரு ராத்திரி நல்லா தூங்குங்க, விடிஞ்சதும் கிளம்புங்க. அங்கே ரோட்டுல வலது பக்கம்தான் போகணும்."

இறங்கினார்கள். டயருக்குக் காற்றடித்தார்கள். வெளிநாட்டுக் குளிர்காற்று ட்யூபுக்குச் சேராது என்று பம்பின் வாயில் குழந்தைவேலு தைலம் தடவினார். பிறகு கூடாரத்தின் முன்னால் உட்கார்ந்து ராத்திரிக்காகக் காத்திருந்தார்கள்.

ஜூன் மாதம். அந்தச் சீமையில் ஜூனில் சூரியன் மறைவதே இல்லை.

"நாம விமானத்துல வேகமா வந்துட்டோம், தலைவரே. ராத்திரி பின்னாடி வந்துக்கிட்டிருக்கு" என்றார் குழந்தைவேலு.

"அதுவரைக்கும் யாரும் கண்ணை மூடக்கூடாது" என்றார் தலைவர். "ராத்திரி வராம தூங்கினா அது பகல் தூக்கம். கணக்குல சேராது."

கண்கள் மிளகாய்ப்பழமாகச் சிவந்தன. கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் ரெஜினாவை விசாரிக்க அனுப்பினார்கள். நாயோடு வந்த ஒரு பெண்மணியிடம் அவள் இங்கிலீஷில் மிகப் பணிவாக, ராத்திரி எப்போது வரும் என்று கேட்டாள். ஜூலை கடைசியில் என்று அந்தப் பெண் சொன்னாள்.

"நம்ம ஊர் கரண்ட் மாதிரியே இருக்கு" என்றார் தலைவர், பெருமூச்சோடு.

குழந்தைவேலு சைக்கிள் வந்த அட்டைப்பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொண்டார். "ராத்திரி வந்துடுச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வெளியே வந்து, "விடிஞ்சிடுச்சு, கிளம்புங்க" என்றார்.

"உங்களுக்கு மட்டும் வந்தா அது ராத்திரியா, அண்ணே? ஊருக்கே பொதுவா வரணும்" என்றாள் ரெஜினா.

தலைவர் அவள் கட்சி.

இப்படியே திரும்பும் நாளும் வந்துவிட்டது. விமானத்தில் ஏறச் சொன்னபோது ரெஜினா படியிலேயே நின்றுவிட்டாள். "போட்டோ இல்லாம எப்படித் திரும்புறது, தலைவரே?"

தலைவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "நாம இன்னும் கிளம்பவே இல்லை, ரெஜினாம்மா. கிளம்பாதவன் திரும்ப முடியுமா? முடியாது. அப்போ இது போற விமானம். ராத்திரி இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

அதில் யாராலும் குற்றம் காண முடியவில்லை.

சென்னையில் இறங்கியபோது நல்ல இருட்டு. ரெஜினா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். மூவரும் விமான நிலையத் தரையில் ஆனந்தமாகத் தூங்கி, விடிந்ததும் ஸ்வெட்டர், கையுறை சகிதம் கிளம்பினார்கள். வலது பக்கமாகவே.

எதிரே வந்த லாரிக்காரர் தலையை நீட்டி, "வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்றார்.

"அத்தைகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றாள் ரெஜினா. "எவ்வளவு அக்கறையா விசாரிக்கிறாங்க, பாருங்க. அதுவும் தமிழ்ல."

வெயிலில் வெந்து, விழுந்து எழுந்து, ஒரு சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அவர்கள் மூவரின் படம் போட்ட ஃப்ளெக்ஸ். வெளிநாட்டில் இத்தனை மரியாதையா என்று தலைவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "வந்துட்டியாடி மகராசி? எங்கே போட்டோ?"

"இந்த நாட்டு மாமியார்களும் அச்சு அசலா நம்ம ஊர் மாதிரியேதான்" என்று ரெஜினா வியந்தாள். பிள்ளை தாவி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. முன்பின் தெரியாத பிள்ளை, இப்படி ஒட்டிக்கொள்கிறதே என்று அவளுக்கு மனசு இளகிப்போனது. சைக்கிள், அந்த அம்மாள், பிள்ளை எல்லாம் தெரியும்படி குழந்தைவேலு போட்டோ எடுத்தார்.

இனி அத்தை வாயைத் திறக்க முடியாது. ரெஜினா பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்து அந்த அம்மாளின் இடுப்பிலேயே திரும்ப வைத்தாள்.

"நல்லா பார்த்துக்குங்கம்மா. எங்க வீட்லயும் இவனை மாதிரி ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வேகமாக மிதித்தாள்.