ஏழாம் தேதிக்கு இரண்டு டைரி

"இந்த ரெண்டுல எதை வாங்கட்டும், சாமி? ஒண்ணைச் சொல்லுங்க."

தவில் வித்வான் மாசிலாமணி மேல்துண்டை விரித்தார். அதன்மேல் இரண்டு டிஜிட்டல் டைரிகளை வைத்தார். உள்ளங்கை அகலம்தான். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி.

மலையடிவார ஆசிரமத்துக்கு அவர் வருவது அதுவே முதல் தடவை. குருவிச்சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். சாமி வேர்க்கடலை உடைப்பார்.

"என்ன செய்யும் இது?"

மாசிலாமணி கடைக்காரன் குரலிலேயே ஒப்பித்தார்.

"'அண்ணே, கறுப்பு இருக்கே, ஐந்நூறு போன் நம்பர் பிடிக்கும். தேதியைப் போட்டு வெச்சா முந்தின நாளே கத்தும். வெள்ளிக்குக் குச்சி உண்டு, தொட்டாலே போதும். மூணு நாள் வெச்சுப் பாருங்கண்ணே, பிடிக்காததைத் திருப்பிக் குடுங்க'ன்னான்."

"கத்துமா?"

"கீய்ங், கீய்ங்னு கத்தும் சாமி. காது கிழிஞ்சுடும்."

"எதுக்குக் கத்தணும்?"

மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார்.

"வர்ற ஏழாம் தேதி என் மக கமலவேணிக்கு வளைகாப்பு. அவ காதுகுத்துக்கு நான் இல்லை, வெளியூர்ல திருவிழா. சடங்குக்கும் இல்லை. கல்யாணத்தன்னிக்கு இருந்தேன். தாலி கட்டினதும் அடுத்த கல்யாணத்துக்கு வேன் ஏறிட்டேன். எல்லாம் மறதி, சாமி."

"தாலி கட்டுறப்போ கெட்டிமேளம் யாரு?"

"நானேதான்!"

"அது மறக்கலையா?"

"அது தொழில், சாமி."

சாமி ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"இந்தத் தடவையும் நான் வரலைன்னா, பிரசவத்துக்கு நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாளாம். மாமியார் வீட்லயே பெத்துக்கிறேன்னுட்டா. தலைப்பிரசவம் சாமி! ஊர் சிரிக்காதா? அவ அம்மா மூணு நாளா எனக்குச் சோத்தை வெச்சுட்டுப் பேசாமப் போறா."

"தேதியைப் போட்டாச்சா?"

"ரெண்டுலயும் போட்டாச்சு!"

பொத்தானை அமுக்கிக் காட்டினார். குச்சியால் தொட்டுக் காட்டினார். ஏழு. வேணி வளைகாப்பு. இரண்டிலும் பளிச்சென்று இருந்தது.

சாமி கடலைத்தோலை ஊதினார்.

"ரெண்டையும் மடியில வெச்சுக்கிட்டு இந்தப் படியிலயே உட்காருங்க, வித்வானே. எழுந்திரிக்கக் கூடாது. யாராவது கூப்பிட்டா பதில் சொல்லுங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குடிலுக்குப் பின்வாசல் உண்டு. பெரிய மனிதர்கள் அந்த வழியாகத்தான் சாமியைப் பார்க்க வருவார்கள் என்று மாசிலாமணி கேள்விப்பட்டிருந்தார்.

மாசிலாமணி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திடீரென்று உள்ளேயிருந்து ஒரு கனத்த குரல்.

"வெளியில யாரு, நம்ம மாசிலாமணியா?"

மாசிலாமணி பாதி எழுந்து, நினைவு வந்து உட்கார்ந்தார். "ஆமாங்கய்யா!"

"யாருன்னு தெரியுதா?"

தெரியவில்லை. "தெரியாம இருக்குமாங்கய்யா!"

"ஏழாம் தேதி பேரனுக்கு முடி இறக்குறோம். நீ வர்றே."

"கண்டிப்பாங்கய்யா!"

சொன்ன வேகத்தில் கட்டைவிரல் கறுப்பின்மேல் இறங்கியது. கீய்ங் என்றது கறுப்பு. ஏழாம் தேதியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அழிக்கவா என்று கேட்டது.

ஆம் என்று அமுக்கினார்.

அடுத்து ஒரு இருமல். மெல்லிய, கோயில் பிரசாதம் மணக்கிற மாதிரி ஒரு குரல்.

"மாசிலாமணி... லொக்... ஏழாம் தேதி சாயங்காலம் சுவாமி புறப்பாடு. உனக்குத் தோதுப்படாதுன்னா சொல்லிடுப்பா, வேற ஆள் பார்த்துக்..."

"வேற ஆளா? நான் உயிரோட இருக்கும்போதா? வந்துடறேங்க!"

வெள்ளி கீய்ங் என்றது. அழிக்கவா என்று கேட்டது.

குச்சியால் தொட்டார். ஆம்.

மூன்றாவது, ஒரு பெண்குரல். அதிகாரமும் வெல்லமும் சரிபாதி.

"அண்ணா, நான்தான்."

எந்த நான்? "சொல்லுங்கம்மா, சொல்லுங்க!"

"ஏழாம் தேதி கிரகப்பிரவேசம். உங்க தவில் சத்தம் கேட்டாதான் பால் பொங்கும்னு வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நிக்கிறார்."

மாசிலாமணி குழைந்துபோனார். "பொங்க வெச்சுடுவோம்மா!"

இரண்டும் சேர்ந்து கத்தின. ஒன்றில் பொத்தான், ஒன்றில் குச்சி. எதில் எதைப் போடுவது? தலையைக் கவிழ்த்துக்கொண்டு அமுக்கினார், தொட்டார், மறுபடி அமுக்கினார்.

"அப்பா."

"ம்."

"ஏழாம் தேதி வருவீங்களா?"

"பார்க்கலாம்மா," என்றார், தலை நிமிராமல்.

பிறகுதான் குச்சி நின்றது.

கதவு திறந்தது. சாமி மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கையில் கடலை.

"சாமி... உள்ளே யார் யார் வந்திருக்காங்க?"

சாமி வாயைத் திறந்தார். கனத்த குரல் வந்தது. "யாருன்னு தெரியுதா?"



அதே வாயிலிருந்து "லொக்" வந்தது. அதே வாயிலிருந்து "அண்ணா, நான்தான்" வந்தது. காவி கட்டுவதற்கு முன்னால் சாமி திருவிழா மேடைகளில் பலகுரல் செய்தவர். அது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதல் தடவை வந்தவருக்கு யார் சொல்வது?

மாசிலாமணி மெதுவாக, பிறகு சத்தமாகச் சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"குலை நடுங்கிப்போச்சு, சாமி! அதுவும் கடைசியில என் மக குரல் பாருங்க, அச்சு அசல்! அதை எப்படிப் பிடிச்சீங்க?"

சாமி சிரிக்கவில்லை.

"மூணுதான் நான்," என்றார்.

வாசலை விட்டு விலகினார்.

உள்ளே பாயில் கமலவேணி உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு. பக்கத்தில் அவள் மாமியார். இருவருக்கும் முன்னால், ஆசி வாங்கக் காலையிலேயே கொண்டுவந்த பழத்தட்டு.

கமலவேணி அழவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினாள்.

"எந்திரிக்கணும்," என்றாள்.

மாசிலாமணி பாய்ந்து உள்ளே ஓடினார். மடியிலிருந்த இரண்டும் படியில் உருண்டு விழுந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் முன்னால் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அத்தை," என்றாள் கமலவேணி, "கை குடுங்க."