கஞ்சிச் சட்டியில் இரண்டு சீட்டு

மூன்று முறை எண்ணியும் மாறவில்லை. இருவருக்கும் அறுநூற்றுப் பதினொரு வாக்குகள். தேர்தல் அதிகாரி இரண்டு பெயர்களையும் ஒரே அளவுத் தாளில் எழுதி மடித்தார், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கினார், ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஜெபஸ்டின் ஊராட்சித் தலைவரானான்.

தங்கப்பழம் தோற்றார். உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்கு முப்பத்தெட்டு வருடமாகத் தலைவர், ஒன்பது முறை சிறை சென்றவர், ஒரு வாலிபால் ஆட்டக்காரனிடம் தோற்றார்.

வெடிச் சத்தம் ஓய்வதற்குள் ஒரு நோட்டீஸ் எழுதி முடித்தார். விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு அன்னபாக்கியம் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

டீச்சர் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பு படித்துவிட்டு உப்பு வாரியவர். சங்கத்து நோட்டீஸ்களை வைத்தே உப்பளத்துக்காரர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். தன்னைவிட இரண்டு வயது இளைய அந்தப் பெண்ணிடம்தான் தங்கப்பழம் 'அ' போடக் கற்றார். இன்றுவரை டீச்சர் பார்க்காமல் அவருடைய நோட்டீஸ் எதுவும் அச்சுக்குப் போனதில்லை.

"வாங்க தலைவரே." டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பதவியேற்பு. அதுக்குள்ள இது ஊர் பூரா போகணும்."

டீச்சர் கையைத் துடைத்துக் கண்ணாடியை மாட்டினார். 'குலுக்கல் தலைவனே, கீழே இறங்கு!' என்று தொடங்கியது நோட்டீஸ்.

"பிழை இருக்கா டீச்சர்?"

"ரெண்டு எடத்துல ஒற்று விட்டிருக்கீங்க. அந்தப் பையன் என்ன தப்பு செஞ்சான்?"

"ஒண்ணுமே செய்யலியே! அதைத்தானே எழுதியிருக்கேன். ஒருநாள் வெயில்ல நின்னிருப்பானா? ஒரு அடி வாங்கியிருப்பானா? பந்தைத் தட்டிக்கிட்டுத் திரிஞ்ச பய. நேத்து அவன் கழுத்துல மாலையைப் பாத்தீங்களா? முழங்காலைத் தொடுது. நான் பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்து வந்தப்போ எனக்குப் போட்டது ரெண்டு முழம் செவ்வந்தி."

"மூணு முழம். நான்தான் வாங்கினேன்."

தங்கப்பழம் சிரிக்கவில்லை.

"அந்த மாலை எதுக்குப் போட்டது தலைவரே?"

"தெரியாத மாதிரி கேக்கீங்க. முதல் நாள் மறியலுக்குத் தலைமை தாங்கினதுக்கு."

"யாரு தலைமைன்னு எப்படி முடிவு பண்ணினோம்?"

சங்கத்தில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பொறுப்புக்கு இரண்டு பேர் முன்வந்தால் கை தூக்கச் சொல்லமாட்டார்கள். சங்கம் இரண்டாகிவிடும் என்று பயம். சீட்டுப் போடுவார்கள்.

"கஞ்சிச் சட்டியில சீட்டுப் போட்டோம். என் பேரு வந்துது. அன்னைக்கே போலீஸ்காரன் அடிச்சு உள்ள தள்ளினான். பேப்பர்ல போட்டோ வந்துது. வெளிய வந்ததும் தலைவராக்கினீங்க." அவர் குரல் உயர்ந்தது. "அதுக்காக? அடி வாங்கினது நான். சீட்டா வாங்கிச்சு?"

"நீங்கதான் வாங்கினீங்க. யாரு இல்லேன்னாங்க? சட்டியில இன்னொரு சீட்டும் கெடந்துதே, அதுல யாரு பேரு?"

தங்கப்பழம் அந்தக் கதையை நூறு மேடையில் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் சட்டியில் ஒரு சீட்டுதான் இருந்தது.

"சம்முவவேலா?"

"அவரு அப்போ சங்கத்துலயே சேரலை."

டீச்சர் மறுபடியும் கீரையை இழுத்துக்கொண்டார். வேறு பெயர் எதுவும் சொல்லவில்லை. தங்கப்பழம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்... நீங்களா?"

"மறியலுக்குப் போனவங்களுக்குக் கஞ்சி காய்ச்சவும் ஆள் வேணுமே. அந்தப் பக்கம் போயிட்டேன்."

வெளியே ஒரு ஆட்டோ ஜெபஸ்டின் பெயரை ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது.

"எல்லாம் சரி டீச்சர். நாளைக்கு அவன் எதிர்ல வருவான். நேத்து முளைச்ச பயலை எந்த வாயால நான் தலைவரேன்னு கூப்பிடுவேன்? அதைச் சொல்லுங்க."

டீச்சர் பென்சிலை எடுத்தார். விட்டுப்போன இரண்டு ஒற்றுகளையும் போட்டு, நோட்டீஸை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"முப்பத்தெட்டு வருசமா நான் உங்களைக் கூப்பிடுற வாயாலதான், தலைவரே."