ஊசி முனை எண்ணெய்

"எண்ணெய் விலைதான்மா கையைக் கடிக்குது," என்றார் தேவசகாயம்.

ஜைத்தூன் நிமிரவில்லை. அவள் கண்ணில் லென்ஸ் இருந்தது.

"சீமையிலேருந்து வர்ற வாட்ச் எண்ணெய் ஒரு குட்டிக் குப்பி வாங்குற காசுக்கு எங்க டெப்போவுல டின் டின்னா கிரீஸ் வரும். தையல் மிஷின் எண்ணெய் போட்டா ஆகாதா?"

தேவசகாயம் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜைத்தூன் அவருக்கு மகள் வயது. திருநெல்வேலி டவுனில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். வாட்ச் வேலை கற்றுக்கொடு என்று முதல் நாள் அவர் வந்து நின்றபோது, எதற்கு என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரி எஸ்தருக்குக் கண் பார்வை போயிட்டு. சாவி கொடுக்குற வாட்ச் ஒண்ணு வச்சிருக்கா. அதைக் காதுகிட்ட வச்சாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அது நின்னுபோச்சு."

"குடுங்க, நான் பாத்துத் தாரேன்."

"இல்லம்மா. என் கையால ஓட வைக்கணும்."

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். ஸ்பானர் பிடித்துக் காய்த்த கை. சரி என்று ஒரு முக்காலியைத் தள்ளிப் போட்டாள்.

இன்று எண்ணெயைப் பற்றிக் கேட்டதும் எழுந்தாள். ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்தாள். தையல் மிஷின் எண்ணெயில் ஒரு பொட்டு வைத்தாள். பக்கத்தில் வேறொரு குப்பியிலிருந்து ஒரு பொட்டு.

"நாளைக்கு வந்து பாருங்க அண்ணாச்சி."

மறுநாள் பார்த்தார். தையல் மிஷின் எண்ணெய் பரவி, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. மற்றது வைத்த இடத்திலேயே முத்துப் போல நின்றது.

"நிக்கிறது அந்தச் சீமை வாட்ச் எண்ணெயா?"

"இல்ல. சாதா வாட்ச் எண்ணெய். நம்மூருலயே கிடைக்கும். படிக்கிற கைக்கு இது போதும்."

அந்தக் குப்பியை அவர் கையில் கொடுத்தாள்.

"வச்சுக்கோங்க. தீர்ந்ததும் வாங்க."

மறு வாரமே வந்துவிட்டார். குப்பி காலி.

"எத்தனை வாட்ச் பாத்தீங்க?"

"ஒண்ணு."

ஜைத்தூன் சிரிக்கவில்லை. எஸ்தரின் வாட்சை வாங்கி, பின்மூடியைத் திறந்தாள். உள்ளே எல்லாம் மினுங்கியது. முடி போன்ற சுருள்வில் எண்ணெயில் ஒட்டிப்போய்க் கிடந்தது.

"ஓடுச்சா?"

"கொஞ்ச நேரம் தலைதெறிக்க ஓடுச்சு. அப்புறம் நின்னுட்டு."

"ஏன் இவ்வளவு?"

"எங்கயாவது குறைஞ்சிருமோன்னு பயம்மா."

அவள் ஒரு சின்னச் சிவப்புக் கல்லை எடுத்து வைத்தாள். சக்கரத்தின் முனை உட்கார்ந்து சுற்றுகிற கல் அது. அதன் குழியில் இன்னொரு குப்பியிலிருந்து எண்ணெயைத் தாராளமாக விட்டாள். லென்ஸை அவரிடம் நீட்டினாள்.

எண்ணெய் குழி நிறைந்தது. விளிம்பைத் தாண்டியது. தாண்டியதும் குழியில் இருந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே போனது.

"குழியில என்ன இருக்கு அண்ணாச்சி?"

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா."

அவள் லென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வாட்சைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாக அவரையே பெட்ரோலில் கழுவ வைத்தாள். ஒரு தையல் ஊசியின் முனையைச் சாணைக் கல்லில் தேய்த்துத் தட்டையாக்கி அவரிடம் கொடுத்தாள்.

"இது தொட்டு எடுக்குற அளவுதான்."

அன்று வீட்டில் எஸ்தர் தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினாள். அவர் ஓடிப்போய் ஊற்றிக் கொடுத்தார். ஜன்னலைச் சாத்த எழுந்தாள். அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தானே சாத்தினார்.

"நான் எதுக்குத்தான் இருக்கேன்?" என்றாள் எஸ்தர்.

"நீ சும்மா இரு. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

அவள் சும்மா இருந்தாள். முன்பெல்லாம் ஓயாமல் பேசுவாள்.

மறுநாள் கடையில் வாட்சின் பாகங்களைத் திரும்பப் பூட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கல் கல்லாக ஊசி முனையால் தொட்டார்.  ஜைத்தூன் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு சின்னக் கவை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, சக்கரத்தைப் பல் பல்லாக விடுவது. அதன் அச்சுக்கு ஊசியைக் கொண்டுபோனார்.

நடுவே ஜைத்தூனின் இடுக்கி வந்தது.

"அங்க வேண்டாம்."

"ஆடுற சாமான்தானே? தேஞ்சு போகாதா?"

"அதுக்குப் பாரமே இல்ல அண்ணாச்சி. நாம வைக்குற எண்ணெய்தான் பாரம்."

ஊசி அப்படியே நின்றது. அவர் அந்தக் கவையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைவாசலில் ஒரு பஸ் வந்து, ஆள் இறக்கிவிட்டுப் போனது.

பிறகு ஊசியைக் கீழே வைத்தார். சாவி கொடுத்தார். வாட்ச் ஓடியது.

சாயங்காலம் வாட்சை எஸ்தரின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைக் காதருகே கொண்டுபோனாள். கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது.

"நீங்களா செஞ்சீங்க?"

"ஆமா."

"இருங்க, டீ போடுறேன்."

எஸ்தர் எழுந்தாள். அவருடைய கை தன்னால் அவள் தோளுக்குப் போனது. பாதியில் நின்றது. மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். நிலைப்படியில் ஒரு கணம் நின்று, காலால் தடவிப் பார்த்துத் தாண்டினாள். அடுப்படியில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க," உள்ளேயிருந்து குரல் வந்தது. "சீனி டப்பாவை எங்க வச்சிருக்கீங்க?"

"தேடிப் பாரு," என்றார் தேவசகாயம்.