ஊறுகாய் மறந்த பெட்டி

பேச்சியம்மாளுக்கு வயது முப்பத்து நான்கு. தேனிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பன்னிரண்டு வருடம் சோதனைக்குழாய் கழுவினாள். கழுவிக்கொண்டே படித்தாள். அவளுக்கு எறும்புகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை அருள்விழி, அவளைவிட ஐந்து வயது இளையவள். மாணவி ஆசிரியையை மேடம் என்பாள். ஆசிரியை மாணவியை அக்கா என்பாள். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை பேச்சியம்மாள் கையில் ஒரு தாளோடு வந்து நின்றாள்.

“மேடம், ஆராய்ச்சிப் படிப்புக்கு மூணு நாட்டுலயும் இடம் கொடுத்துட்டாங்க. ஜெர்மனி, ஆஸ்திரேலியா, பிரேசில். மூணுலயும் செலவு அவங்களோடது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒண்ணுக்குச் சரின்னு எழுதணும். எழுதுனா மத்த ரெண்டும் போயிரும். இந்த வயசுல இன்னொரு தடவை யாரும் கூப்பிட மாட்டாங்க. எந்த ஊருக்குப் போகட்டும்?”

தாளில் கட்டம் கட்டமாக மதிப்பெண் போட்டிருந்தாள். குளிர், சாப்பாடு, சொந்தக்காரர், படித்தபின் வேலை. ஜெர்மனி நாற்பத்தொன்று. ஆஸ்திரேலியாவும் நாற்பத்தொன்று. பிரேசில் பத்தொன்பது.

“பத்தொன்பதுன்னா ஃபெயில்தானே அக்கா. இதை ஏன் இன்னும் அடிக்கல?”

“அடிக்கலாம்னுதான் பேனாவை எடுத்தேன் மேடம். போன் வந்துருச்சு.”

“வீட்ல என்ன சொல்றாங்க?”

“அண்ணன் ஜெர்மனிங்குது. மெல்போர்ன்ல சின்னம்மா மக இருக்கா, அவ அங்க வரச் சொல்றா. அம்மா எங்க வேணா போங்குது, பிரேசில் மட்டும் வேணாமாம். ஊரே பந்து விளையாடிக்கிட்டுத் திரியுது, உனக்கு எவன் பாடம் நடத்துவான்னு கேக்குது.”

அருள்விழி சிரித்தாள். தாளை மடித்து மேசைக்குள் போட்டுப் பூட்டினாள்.

“நாளைக்கு ஜெர்மனிக்குக் கிளம்புங்க.”

“மேடம்?”

“நிசமாவே போற மாதிரி பெட்டி கட்டி, நாலு மணிக்கு இங்க கொண்டு வாங்க. புதன்கிழமை ஆஸ்திரேலியா. வியாழக்கிழமை பிரேசில். ஒவ்வொரு பெட்டியும் கட்ட ரெண்டு மணி நேரம்தான். இருபத்து மூணு கிலோவுக்கு மேல விமானத்துல ஏத்த மாட்டாங்க.”

செவ்வாய்க்கிழமை பேருந்தில் பெட்டியை ஏற்றிவிட்ட கண்டக்டர் கேட்டார்.

“வெளிநாட்டுக்கா அக்கா? எந்த நாடு?”

“ஜெர்மனி.”

“நல்லபடியாப் போயிட்டு வாங்க.”

இறங்கும்போது பேருந்தே கையசைத்தது.

ஆய்வக நிலைப்படியில் கொக்கித் தராசு தொங்கியது. பெட்டியை மாட்டினார்கள். சரியாக இருபத்து மூன்று. ஆசிரியை திறந்து பார்த்தாள். ஸ்வெட்டர் மூன்று. குக்கர். இட்லிப்பொடி, பருப்புப்பொடி. நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில்.

“லென்ஸ் எங்கக்கா?”

“அங்க கொடுப்பாங்கள்ல மேடம்.”

ஆசிரியை பெட்டியை மூடினாள்.

புதன்கிழமை கண்டக்டர் கண்ணைக் கசக்கினார்.

“ஜெர்மனி அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

“இன்னைக்கு ஆஸ்திரேலியா.”

“நடத்துங்க, நடத்துங்க!”

அன்றும் இருபத்து மூன்று. சின்னம்மா மகளுக்குச் சுங்குடிச் சேலை, அவள் குழந்தைக்குக் கொலுசு, அப்பளக் கட்டு, மாங்காய் ஊறுகாய்.

“ஊறுகாயை அங்க இறங்குனதும் பிரிச்சுப் பார்த்துப் பிடுங்கிருவாங்களே.”

“அதான் மேடம் ரெண்டு எடத்துல வச்சிருக்கேன். ஒண்ணைப் பிடுங்குனாலும் ஒண்ணு தப்பிச்சிரும்.”

வியாழக்கிழமை நாலு மணிக்கு அவள் வரவில்லை. ஐந்தும் ஆயிற்று. ஐந்தேகாலுக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்தாள்.

“பஸ்ஸை விட்டுட்டேன் மேடம். நேரம் போனதே தெரியல.”

தராசு ஒன்பது கிலோ காட்டியது.

ஆசிரியை திறந்தாள். இருநூறு கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றும் ஒரு துண்டுச் சேலையில் சுருட்டியிருந்தது. நல்ல சேலைதான், கிழித்திருந்தாள். புதிதாக முனை தீட்டிய இடுக்கி. லென்ஸ். நெற்றியில் கட்டும் விளக்கு. மழைக்கோட்டு. நோட்டு நான்கு.

“மாத்துத்துணி?”

பேச்சியம்மாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“குக்கர்?”

“அய்யய்யோ.”

“ஊறுகாய்?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ரெண்டு மணி நேரம் என்னதான் செஞ்சீங்க?”

“குப்பிக்கெல்லாம் சீட்டு ஒட்டுனேன். மேடம், அங்க ஒரு எறும்பு இலையை வெட்டி வெட்டித் தூக்கிட்டுப் போகுதுல்ல, அது அந்த இலையைத் திங்கிறதுக்கு இல்ல. மண்ணுக்குள்ள கொண்டுபோய் வச்சுக் காளான் வளர்க்குது. விவசாயம் மேடம்! நம்மாளுக ஏரைப் பிடிக்கிறதுக்கு முன்னாடியே அது பண்ணிக்கிட்டு இருக்கு. களையெடுக்குது. குப்பையை வேற எடத்துல கொட்டுது. அதை மட்டும் பக்கத்துல உட்காந்து…”

கைகள் இரண்டும் எறும்பாகி மேசைமேல் போய்க்கொண்டிருந்தன.

“அந்த ஊர்ப் பேச்சுல சோத்துக்கு என்ன சொல்லுவாங்க?”

“தெரியாது மேடம்.”

“தண்ணிக்கு?”

“தெரியாது.”

“எறும்புக்கு?”

“ஃபொர்மிகா.”

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

வாசலில் மூச்சு வாங்கும் சத்தம். பேச்சியம்மாளின் அம்மா ஒச்சம்மாள், கையில் மஞ்சள் பையோடு நின்றாள்.

“ஏண்டி, கூறுகெட்டவளே! அடுப்படி மேடையிலேயே வச்சுட்டு வந்துட்டியே. பஸ்ஸுல அந்தக் கண்டக்டர் பய கேக்குறான், ‘ஆத்தா, நீங்க எந்த நாட்டுக்கு’ன்னு!”

பைக்குள்ளிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து, துணி சுற்றி, குப்பிகளுக்கு நடுவே செருகினாள்.

“அம்மா, பிரேசில் வேணாம்னு சொன்னீங்களே,” என்றாள் அருள்விழி.

“வேணாம்னுதான் சொன்னேன். பட்டினியாப் போன்னா சொன்னேன்?”

கடிகாரத்தில் ஐந்து நாற்பது. பேச்சியம்மாள் அம்மாவைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

“மேடம், நேரம் ஆச்சு. நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.”

அருள்விழி கணினியைத் திறந்து, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“ஊறுகாய் மறந்துபோன ஊருக்கு எழுதுங்கக்கா.”