பசி குறைந்த கணக்கு

முன்னொரு காலத்தில் செம்பனூர் நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். எதையும் எண்ணிச் சொன்னால்தான் அவன் காதில் ஏறும். "ஜனங்கள் சுகமா?" என்று கேட்க மாட்டான். "எத்தனை பேர் சுகம்?" என்பான்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ராஜா கோட்டை வாசலில் கஞ்சித்தொட்டி திறந்தான். முதல் வாரம் தினம் முந்நூறு பேர் வந்தார்கள். மேற்பார்வைக்குப் போனவர் விழுப்பரையர். மந்திரி பதவிமேல் ஒரு கண் அவருக்கு. போனதும் சட்டம் போட்டார்: "வந்து குடிப்பவருக்கே கஞ்சி. சட்டியில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது." அப்போதுதான் தலையை எண்ண வசதியாம்! என்ன வசதியோ, நாசமாய்ப் போக.

இரண்டு மாதம் கழித்து ஓலையும் கையுமாகச் சபைக்கு வந்தார்.

"மகாராஜா! முந்நூறு பேர் வந்த தொட்டிக்கு இன்று எண்பது பேர்தான் வருகிறார்கள். இருநூற்றிருபது பேருக்குப் பசி தீர்ந்தது! மிச்சமுள்ள எண்பது பேருக்காக அடுப்பெரிப்பது வீண். தொட்டியை மூடிவிடலாம்."

ராஜா பூரித்துப் போனான். மந்திரி சொக்கப்பர் பூரிக்கவில்லை. தொட்டியை மூடப் போவதாகக் கேள்விப்பட்டு, கஞ்சி காய்ச்சும் வீராயி காலையில்தான் அவரிடம் வந்து அழுதிருந்தாள். "நடக்க முடிஞ்சவங்கதான் ஐயா வர்றாங்க. மூடிட்டா அவங்களும் செத்துப் போவாங்க."

வாயால் சொன்னால் ராஜா கேட்கமாட்டான் என்பது மந்திரிக்குத் தெரியும். "பலே, விழுப்பரையரே!" என்றார். "மகாராஜா, பசி தீர்ந்த அந்த இருநூற்றிருபது பேரையும் நாம் பார்க்க வேண்டாமா? நாளைக்கு விருந்து வைப்போம். தங்கள் கையாலேயே பரிமாறுங்கள். விழுப்பரையரே அழைத்து வரட்டும். மூடுவதை அப்புறம் பார்க்கலாம்."

"நல்ல யோசனை!" என்றான் ராஜா.

விழுப்பரையர் முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவரா? மறுநாள் தம் வீட்டு வேலைக்காரர்கள், களஞ்சியத்து ஆட்கள் எல்லோருக்கும் கந்தலைச் சுற்றிக் கூட்டி வந்து, இருநூற்றிருபது பேராக உட்கார வைத்துவிட்டார். ராஜா வியர்க்க வியர்க்கப் பரிமாறினான். அவர்கள் வடையைத் தின்றார்கள், பாயசத்தைக் குடித்தார்கள், கைகழுவ எழுந்து போனார்கள்.

"மகாராஜா, இலைகளைப் பாருங்கள்" என்றார் சொக்கப்பர்.

இலைக்கு இலை சோறு குவியலாகக் கிடந்தது. அதற்குள் மந்திரி வாசலைத் திறக்கச் சொல்லியிருந்தார். எண்பது பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர்களுக்குப் புது இலை போடுவதற்குள், அந்த எச்சில் இலைகளுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

ராஜா கரண்டியைக் கீழே வைத்தான். "அப்படியானால் நான் கேட்ட இருநூற்றிருபது பேர் எங்கே?"

எண்பது பேரோடு வந்திருந்த வீராயி முன்னால் வந்தாள்.

"பாதிப் பேர் சுடுகாட்டுக்குப் போயிட்டாங்க, ராசா. மீதிப் பேர் எந்திரிக்க முடியாம வீட்டுல கிடக்காங்க. எம் புருசனும் அப்படித்தான் கிடந்தாரு. தினம் முந்நூறு பேருக்குக் காய்ச்சினேன். அவருக்கு ஒரு சட்டி கொண்டுபோக என்னை விடல. போன செவ்வாக்கிழமை போயிட்டாரு."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கப்பரிடம் நீட்டினான். "ஒரு மாதம் முன்னால் இந்த யோசனை எனக்கு வந்திருந்தால் வாங்கிக்கொள்வேன், மகாராஜா" என்று அவர் பின்வாங்கினார்.

ராஜா விழுப்பரையர் பக்கம் திரும்பினான். "தலைப்பாகையை அவிழ்த்து வையும். கஞ்சிப் பானையைத் தலையில் தூக்கும். வராதவர் வீடு ஒவ்வொன்றுக்கும் நீரே போய் ஊற்றிவிட்டு வாரும்."

பொழுது சாயும் நேரத்தில் விழுப்பரையர் திரும்பி வந்தார்.

"எத்தனை வீட்டுக்குப் போனீர்?" என்றான் ராஜா.

"நூற்றுப்பத்து வீடு, மகாராஜா."

"எத்தனை கதவு திறந்தது?"

விழுப்பரையர் பானையை இறக்கி வைத்தார். முக்கால் பானைக் கஞ்சி அப்படியே இருந்தது.