பேழைக்குள் சமாதானம்

ஊறின மொச்சையை நாச்சி பிதுக்கிக்கொண்டிருந்தாள். பருப்பு சட்டியில், தோல் முறத்தில். கோபம் வந்தால் அவளுக்குக் கை வேகமாக ஓடும்.

"சமாதானம் வந்துட்டுதுன்னு தை மாசமே பறை அடிச்சாங்க. எங்கே வந்திருக்கு, குருவம்மா?"

குருவம்மா ஆசிரமத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஆசிரமத்துக்குக் குரு அவர்தான்; நாச்சியைவிட ஓரிரு வயதுதான் மூப்பு.

"வழியில இருக்கும்," என்றார்.

நாச்சியின் புருஷன் செவந்தான் அக்கரைக் கோட்டையில் போர்க்கைதி. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டாள். கோட்டைக் காவலர் கெட்டவரில்லை. "ரெண்டு ராஜா முத்திரையும் போட்ட ஓலையைக் காட்டு தாயி, இப்பவே திறக்கிறேன். சும்மா திறந்தா என் தலை போயிடும்," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மதியம் அமைச்சர் திருமேனிநாதர் பல்லக்கில் வந்து இறங்கினார். உடன்படிக்கையை எழுதியவரே அவர்தான். கையில் ஒரு வெள்ளிப் பேழை.

"இது என் சொந்தப் பிரதி. போகிற ஊரெல்லாம் பெரியவர்களிடம் காட்டி ஆசி வாங்குகிறேன்," என்று திறந்தார். பட்டுத்துணிக்குள் ஓலை. இரண்டு முத்திரையும் சிவப்பாக இருந்தன.

நாச்சி எட்டிப் பார்த்தாள். "கைதிங்களை விடணும்னு இதுல இருக்குங்களா ஐயா?"

"இல்லாமலா? நானே எழுதினேன்."

அவள் எழுந்துவிட்டாள். "அப்போ கொஞ்சம் குடுங்கய்யா. அக்கரையில காட்டிட்டுப் பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்துடறேன்."

"இதையா?" அமைச்சர் பேழையைப் பட்டென்று மூடினார். "பரிசலில் தண்ணீர் தெறிக்கும். அரண்மனைப் பிரதி வரும், பொறு."

"அது எங்கய்யா இருக்கு?"

"கருவூலத்தில். பத்திரமாக."

"அப்போ இது?"

"என் பேரப்பிள்ளைகள் பார்ப்பதற்கு."

"எம் பொண்ணு அவ அப்பனைப் பார்க்க வேணாமா?"

நாச்சியின் விரலிலிருந்த மொச்சை எகிறி அமைச்சரின் பட்டு அங்கவஸ்திரத்தில் விழுந்தது. அவர் முகத்தைச் சுளித்துத் தட்டிவிட்டார்.

குருவம்மா கை நீட்டினார். "ஆசி கேட்டீங்களே. பேழையை எங்கிட்ட விட்டுட்டுச் சாப்பிடுங்க."

அமைச்சருக்குச் சோறு போட நாச்சிக்குக் கை கூசியது. அவரோ பிதுக்குப்பருப்புக் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, குறட்டை விட்டார். குருவம்மா பேழையோடு கொல்லைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது புடவைக் கரை நனைந்திருந்தது.

வெயில் தாழ்ந்ததும் அமைச்சர் எழுந்து பேழையைத் திறந்தார். உள்ளே பட்டுத்துணி நிறைய மொச்சைத் தோல்.

"ஓலை எங்கே?"

"வேலைக்குப் போயிருக்கு," என்றார் குருவம்மா.

"யாரிடம் கொடுத்தாய்?"

"பரிசல்காரர்கிட்ட."

"ஐயோ! சேறு படுமே! கண்டவன் கையெல்லாம் படுமே!"

"வேற யார் கை படறதுக்கு எழுதினீங்க?"

அமைச்சர் பேழையைக் கவிழ்த்து உதறினார்; தோல்தான் கொட்டியது. நாச்சிக்குப் பேச்சு பொங்கி வந்தது, தை மாசத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம்.

"ஏன்யா, இதைக் கையில வச்சுக்கிட்டு ஊர் ஊராப் பல்லக்குல போனீங்களே, ஒவ்வொரு ஊர்லயும் ஒருத்தி என்னை மாதிரி வாசல்ல நின்னுக்கிட்டு..."

ஆற்றுப் பக்கமிருந்து, நாச்சி மாதக்கணக்கில் கேட்காத ஓர் ஆண்குரல் நீட்டிக் கூப்பிட்டது.

"ஏ... நாச்சியோவ்!"