பலாமரத்தடிப் பாத்தி

“அம்மா, அந்தப் பலாமரத்தை வெட்ட அனுமதி கொடுங்க. இல்லாட்டி நான் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிடுறேன்.”

ஆவுடையப்பன் கையில் அரிவாளோடு நின்றார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்திலேயே மீதி நாளைக் கழிக்க வேண்டும் என்று வந்தவர்.

மடத்தின் தலைவி மங்களநாயகிக்கு ஆவுடையப்பனுடைய மூத்த மகளின் வயதுதான் இருக்கும். ஆனாலும் எல்லோரையும் போல அவரும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தங்க விரும்புகிறவருக்கு ஒரு பாத்தி தருவார்கள். அதில் விளைந்ததைச் சமைத்து, தன் கையால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டால் அவர் மடத்து ஆள். அதுவரை விருந்தாளி.

பலாமரத்தடிப் பாத்தி கிடைத்த ஆவுடையப்பன் இன்னும் விருந்தாளி.

“மரம் என்ன செஞ்சுது, அண்ணாச்சி?”

“வெயிலை முழுங்குது. கிணத்தடித் தண்ணி வேற அங்கேதான் வந்து ஊறுது. மிளகாய் வச்சேன், அழுகிப்போச்சு. கத்திரி வச்சேன். ஒட்டகச்சிவிங்கி மாதிரி கழுத்தை நீட்டுது, ஒரு பூ இல்லை.”

“எதுக்கு மிளகாயும் கத்திரியும் வச்சீங்க?”

“எனக்கு ரொம்பப் பிடிக்கும்.”

“சரி. சாப்பிட்டுட்டுப் பேசுவோம்.”

பந்தியில் உட்கார்ந்தார்கள். அன்று மங்களநாயகியே பரிமாறினார். எல்லோர் இலையிலும் சோறு விழுந்தது. ஆவுடையப்பன் இலையில் மட்டும் முறுக்கு. ஒன்றல்ல, ஒரு குவியல்.

“என்னம்மா இது?”

“மணப்பாறை முறுக்கு. சாப்பிடுங்க அண்ணாச்சி.”

“எனக்குத்தான் ஒரு பல்கூட இல்லையே!”

“எனக்கு ரொம்பப் பிடிக்கும்,” என்றார் மங்களநாயகி.

பந்தி சிரித்தது.

ஆவுடையப்பன் ஒரு முறுக்கை எடுத்து ஈறில் வைத்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

“முறுக்கு நல்ல முறுக்குதாம்மா. ஆனா போடுறதுக்கு முன்னாடி வாயைக் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?”

“வேணும்னா அந்த வாயை வெட்டி எறிஞ்சிடலாமா?”

“என் வாய்க்கு என்ன குறைச்சல்? ரசஞ்சோறு ஊத்துங்க. பானையையே காலி பண்ணிக் காட்டுறேன். ஆளுக்குத் தகுந்த மாதிரி...”

பேச்சை விட்டுப் பலாமரம் இருந்த பக்கம் திரும்பினார். ஆவுடையப்பன் வாய் திறந்தபடியே இருந்தது.

மங்களநாயகி முறுக்கை எடுத்துக்கொண்டு ரசஞ்சோறு போட்டார்.

அதை அவசர அவசரமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஆவுடையப்பன் எழுந்தார்.

“பஸ்ஸுக்கா, அண்ணாச்சி?”

“வாய்க்காலுக்கு. தென்னை நிழல்ல, ஈரத்துல யார் யார் சந்தோஷமா உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்துட்டு வாரேன்.”

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார். துண்டு நிறைய ஈரமண். அதற்குள் முளைவிட்ட சேப்பங்கிழங்கு, வேரோடு வல்லாரைக் கொடி, கொஞ்சம் பொன்னாங்கண்ணித் தண்டு.

“கிணத்தடித் தண்ணியை வேற பக்கம் திருப்பிவிடச் சொல்லட்டுமா?” என்று கேட்டார் மங்களநாயகி.

“ஐயையோ! வந்தவங்க கோவிச்சுக்குவாங்க.”

சேம்புக்குக் காலம் பிடிக்கும். வல்லாரை காத்திருக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பாத்தியை மூடிப் படர்ந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் ஆவுடையப்பன் வல்லாரைத் துவையலோடு பந்திக்கு வந்தார். பழைய பழக்கத்தில், “உள்ளே தள்ளி உட்காருங்க, உள்ளே தள்ளி உட்காருங்க” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வோர் இலையாகப் பரிமாறினார்.

கடைசி இலை மங்களநாயகியுடையது.

மங்களநாயகி ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். இன்னொரு வாய் எடுத்தார்.

ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, இப்பவாவது சொல்லுங்க. நான் இந்த மடத்து ஆளா, விருந்தாளியா?”

மங்களநாயகி சுற்றிலும் பார்த்தார்.

“விருந்தாளிங்க எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுறோம், அண்ணாச்சி. எனக்கு இன்னும் கொஞ்சம் துவையல் வைங்க.”